பொறுங்க அண்ணனுக்கு ஒரு மண்டபம்

மேடையில் வீற்றிருக்கும் அமைச்சர் அவர்களே, சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு அப்படியே வந்துவிட்ட துறைமுகத் தோழர்களே!

மறைந்த நம் தலைவரை 'பொறுங்க அண்ணன்' என்றுதான் ஊரே அழைத்தது. அந்நியன் ஆண்ட காலத்தில், துப்பாக்கிகளுக்கு முன்னால் நம் அப்பாக்கள் கொதித்து நின்றபோது, வலது கையைத் தூக்கி "பொறுங்க" என்றார். நேரம் பார்த்துக் கை இறங்கியது, துறைமுகமே நின்றது. ஒரு மூட்டை நகரவில்லை! அந்தக் கைக்கு நிகர் உண்டா?

"கொடி மாறட்டும். குடியிருக்கிற வீடு உங்களுக்கே சொந்தம்" என்றார். கொடி மாறியது. அண்ணன் அமைச்சரானார். துறைமுகம் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் வீட்டைக் கேட்டுப் போனார்கள். கையைத் தூக்கினார். "பொறுங்க." நம் அப்பாக்கள் பூரித்துப் போனார்கள். "அண்ணன் கையத் தூக்கிட்டாருடா! பெருசா ஏதோ திட்டம் இருக்கு!"

கை இறங்கவே இல்லை, தோழர்களே!

ஏமாற்றினாரா? சொல்ல நா எழவில்லை. பதவி போனபின் அவரும் அதே லைன் வீட்டில்தான், ஒழுகும் கூரைக்கடியில் வாளி வைத்துப் படுத்திருந்தார். போன மாதம் கேட்டேன்: "அண்ணே, இன்னும் யாருக்காகப் பொறுக்கணும்?"

"எனக்கு மேல இருந்தவனும் பொறுங்கன்னுதான்டா சொன்னான்."

சிரித்தாரா, அழுதாரா? இன்றுவரை விளங்கவில்லை. அண்ணிதான் குறுக்கிட்டார்: "ஊருக்கெல்லாம் கையத் தூக்கின மனுஷன், ஒரு ஓடு மாத்தத் தூக்கல தம்பி."

சற்று முன் அமைச்சர் அறிவித்தார்: அண்ணனுக்கு நினைவு மண்டபம். கைதட்டினோம். நானும் தட்டினேன். எந்த இடத்தில் என்பது பிறகுதான் காதில் விழுந்தது. நம் லைன் வீடுகளை இடித்துவிட்டு, அங்கேயே! நாளைக் காலை இயந்திரம் வருகிறதாம்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தான் என்னை மேடையேற்றினார்கள். எந்தப் பணியை? துறைமுகத்தை நிறுத்தியதையா, நம்மை நிறுத்திவைத்ததையா? மண்டபத்தைத் தடுத்தால் அண்ணனுக்குத் துரோகமா? தடுக்காவிட்டால், அது யாருக்குத் துரோகம்? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பொய்யாக முழங்க வரவில்லை.

அண்ணி எழுந்துவிட்டாரே! எங்க போறீங்க அண்ணி? கூட்டம் இன்னும் முடியல...

கேட்டீர்களா, என்ன சொல்கிறார் என்று? "நீ பேசிட்டு வா தம்பி. நான் போய் வீட்டு வாசல்ல உக்காருறேன். எவன் இடிக்கிறான்னு பாக்குறேன்."

தோழர்களே, மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்லவேண்டிய இடம் இது. எழுந்திருங்கள். நிற்க வேண்டாம். அண்ணி பின்னால் நடப்போம். சரியா தப்பா என்பதைப் போகிற வழியில் பேசிக்கொள்ளலாம்.