கடுக்காய்க் கறுப்பு

மார்கழியில் விடிகாலைக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், சார். கரையில் நிற்கிறவர்கள் நடுங்குவார்கள். கால் வைத்தவனுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். நாற்காலி வேண்டாம். ஒரு மாதமாக என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். நின்றுகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கைலாசம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். இறந்துபோன குமரன் என் தங்கை காயத்ரியின் கணவர். அலை இழுத்து இறந்தார் என்று இதே ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. இழை பிடிக்க முடியவில்லை, தறியை விட்டு இறங்கிவிட்டார். பிறகு பேச்சும் நின்றது. சோறு வைத்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம் தாண்டி உங்கள் எல்லைக்குள் வருகிற அந்தக் கடற்கரைக்குக் கூட்டிவந்தேன். அங்கேதான் மணலில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். முக்கோணமாக, ஓரமெல்லாம் ரம்பம்போல் இருந்தது. அங்கே நடந்துபோன ஒரு வெளியூர்க்காரர் வாங்கிப் பார்த்து, இது சுறாவின் பல், எத்தனையோ லட்சம் வருஷத்தில் கல்லாகிவிட்டது என்றார்.

குமரன் அன்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மனிதர் மறுபடி சுவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தார். நான் என்ன செய்ய? செல்போனில் தேடி, எங்கோ வெளிநாட்டிலிருந்து விற்கிற பற்களில் ஒரு பொட்டலம் வரவழைத்தேன். அவை மஞ்சளாக இருந்தன. பட்டுக்குப் போடுகிற சாயம் கல்லில் நிற்கவில்லை. கடுக்காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். அப்படி ஒரு கறுப்பு வந்தது. அவர் முதலில் எடுத்த பல்லோடு சேர்த்து வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. தொழிலில் நான் சோடை போனதில்லை, சார்.

தேடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். அலை பின்வாங்குகிற சரிவில்தான் கல்லும் சிப்பியும் ஒதுங்கும். குனிந்து தேடுகிறவனுக்குக் கடல் தெரியாது. அதனால் ஒருவர் தேட, இன்னொருவர் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். பெரிய அலை எழுந்தால் 'மேல வா' என்று நான் சொல்வேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேலே ஏறிவிடுவார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடையில் நான் சற்று முன்னால் நடந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பல்லை ஈர மணலில் நழுவவிடுவேன். அவர் கண்டெடுத்துக் குழந்தை மாதிரி தூக்கிக் காட்டுவார். அந்த முகத்துக்காக நான் இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

செய்தி தெருவெல்லாம் பரவியது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜீவிதா என்று சென்னையில் ஒரு பேராசிரியை, தெருக்காரர்கள் செல்போனில் அனுப்பிய பல் படங்களைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், ஒன்றிரண்டை எடுத்துப்போய்ச் சோதிக்க வேண்டும் என்றார். தறி போன பிறகு அவருக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். கடுக்காய் என்று நாலு பேர் முன்னால் அந்தம்மா சொல்லிவிட்டால் அவர் என்ன ஆவார்? அடுத்த நாளே தூக்கில் தொங்கியிருப்பார். வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்று குமரனிடம் கெஞ்சினேன்.

"வரட்டும் மச்சான். வந்து பாத்துட்டுப் போட்டும். நீ இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற?" என்றார்.

பயம் எனக்காக இல்லை என்பதை அவருக்குச் சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலையில் வந்தோம். முந்தின நாள் மழையில் கடல் கலங்கியிருந்தது. இரண்டு பற்களை நழுவவிட்டேன். அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். அப்போது தூரத்தில் ஓர் அலை எழுந்தது. சாதாரண அலை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. 'மேல வா' என்கிற சொல் நாக்கு நுனியில் இருந்தது. இன்றைக்கு இவர் போனால் பெயரோடு போவார் என்று நினைத்தேன். நினைத்து முடிக்க நேரம் இருந்தது, சார். சொல்லவும் நேரம் இருந்தது.

நான் தள்ளவில்லை. என் கை அவர்மேல் படவேயில்லை. அவர் நிமிர்ந்து, பல்லைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அலை வந்தது.

அவர் இன்னும் எடுக்காத பல் மேட்டுப் பக்கம் கிடந்தது. அதை முதலில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். யாராவது பார்த்தால் தேவையில்லாத கேள்வி வரும். அதன் பிறகுதான் மீனவர்களைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் 'ஆராய்ச்சியாளர்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பேராசிரியை துக்கத்துக்கு வந்தபோது, பற்களையெல்லாம் அவர் அஸ்தியோடு கடலில் கரைத்துவிட்டோம் என்றேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

காரியம் முடிந்த அன்று தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பல்லு போட்டுக்கினு இருந்தது அவருக்குத் தெரியும்ணா. மொத நாளே கடுக்கா வாசன புடிச்சிட்டாரு. மச்சானுக்கு அதுல ஒரு சந்தோசம், கெடுக்கக் கூடாதுன்னு சொல்லிச் சிரிப்பாரு. பள்ளிக்கூடத்துல கூப்புட்டப்பவும் அந்த மொத பல்ல மட்டும்தான் எடுத்துக்கினு போனாரு. அந்த மேடத்துக்கும் அத மட்டும்தான் காட்றதா இருந்தாரு. கடலுக்குப் போறதே உன்கூட இருக்கணும்னுதான்ணா."

அன்றிலிருந்துதான் இந்த நடை. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் போகச் சொல்கிறது. அதனால்தான் பஸ் ஏறி உங்களிடம் வந்தேன்.

காயத்ரி பாவம். புருஷனைப் பறிகொடுத்தவள், வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். அவள் சொல்வதை எழுத வேண்டாம். நான் அலையைப் பார்த்தேன், அவர் சாகட்டும் என்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன், இதை எழுதுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் குமரனுக்கு எதுவும் தெரியாது என்பதையும் அதே தாளில் தெளிவாக எழுதிவிடுங்கள். தெரிந்திருந்தால் அவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.