சாக்பீஸ் குறி

திருவொற்றியூர் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டுப் பெண், மடியில் சான்றிதழ்க் கோப்போடு, பக்கத்திலிருந்த காக்கிச்சட்டைக் கணவனிடம் சொன்னாள்: “மனுஷ செல்லு டிஎன்ஏவ நகலெடுக்க ஒரே எடத்துல ஆரம்பிக்காதுய்யா. ஆயிரக்கணக்கான எடம். இங்கதான்னு எழுதியும் வெக்கல.”

“கூட்ஸ் வண்டி மாரி கீதே! எங்க யார்டுல பல பெட்டில முன்னாடியே சாக்பீஸ் குறி போட்டுருவோம். தெனம் வேற வேற பெட்டி. அங்கங்க ஆளுங்க ஏறி, அங்கேர்ந்து ரெண்டு பக்கத்துப் பெட்டியிலயும் மூட்டைய எறக்கிகினே போவாங்க.”

“குறி போட்ட எல்லாத்துலயும் ஏறுவாங்களா?”

“பாதி சும்மா நிக்கும்மே. பக்கத்து ஆளுங்களே வந்து அதையும் முடிச்சிருவாங்க. எவனாவது நடுவுல மாட்டிகினா, அப்பதான் அந்தக் குறில ஆள ஏத்துவோம்.”

அவள் மடியிலிருந்த கோப்பைத் தட்டினாள்.

“போன இன்டர்வியூல இதையேதான் கேட்டாங்க, ஆரம்பிக்காத எடமெல்லாம் எதுக்குன்னு. முழிச்சேன். வேல போச்சு. இன்னிக்கும் கேப்பாங்க.”

“முடிஞ்ச பெட்டில குறிய அழிச்சிருவோம். ஒரே பெட்டிய ரெண்டு தபா தொறக்கக் கூடாதுல்ல?”

“ஐயோ, அதுவும் கரெக்டுய்யா! டிஎன்ஏலயும் நகலெடுத்த எடத்த மறுபடி எடுக்கக் கூடாது.”

“அப்போ லெக்சரர் வேல எனக்கு. நீ போய் மூட்ட தூக்கு.”

கல்லூரி நிறுத்தத்தில் அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவன் ஜன்னல் வழியாகக் கத்தினான்:

“மறந்துட்டா போன் போடு. யார்டுல கேட்டு சொல்றேன்!”