சாக்கு போக எடை

– ஒரு மனுசனோட இருபது வருசத்துக்கு எழுபதாயிரம் பீஸுங்களா, வக்கீலம்மா? நாமக்கல்ல லாரிக்கு ரெண்டு டயர் மாத்தவே அவ்வளவு ஆகுது. மலிவுதான், இருந்தாலும் அறுபதாப் போட்டுக்கங்க.

– உங்க டிரைவர் பொன்னன் விசயத்துல பேரம் வேண்டாமுங்க, சபரிநாதன். கஞ்சாக் கேஸு. ஜாமீன் வாங்கறதே பெரும்பாடு.

– அதைத்தான் எனக்குப் புரியறாப்புல சொல்லுங்க. அடிதடிக் கேஸுல ஒரு வாரத்துல ஆளைக் கூட்டியாந்திருக்கறேன். இதுல மட்டும் என்ன?

– எல்லாம் எடைதானுங்க. இருபது கிலோவைத் தாண்டினா வியாபார அளவு. குறைஞ்சது பத்து வருசம், கூடுனா இருபது. இவர் குத்தம் பண்ணியிருக்க மாட்டார்னு நீதிபதிக்கே தோணுனாத்தான் ஜாமீன். அதுக்குக் கீழன்னா சட்டம் அவ்வளவு இறுக்காது. உங்க லாரியில புடிச்சது இருபது கிலோ தொள்ளாயிரம்.

– மூணு மூட்டை. சாக்கோட நிறுத்தாங்களா, கழிச்சு நிறுத்தாங்களா?

– சாக்கோட.

– அட, மஞ்ச மண்டியிலகூட சாக்குக்குக் கழிவு போடுவாங்களே. சணல் சாக்கு, உள்ள பிளாஸ்டிக்கு, சுத்துன டேப்பு எல்லாஞ் சேந்து மூட்டைக்கு நானூறு கிராம் வருமுங்க. மூணுக்கும் கழிச்சா பத்தொம்பது எழுநூறு.

– உள்ள பிளாஸ்டிக் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– என்னைய விசாரிக்கறதை உடுங்க. மறுக்கா நிறுத்தா ஆளு வெளிய வந்துருவானா?

– மாஜிஸ்திரேட் முன்னால பிரிச்சு நிறுக்கச் சொல்லி மனுப் போடலாம். வரவும் வாய்ப்பிருக்குது. இவ்வளவு அவசரம் எதுக்குங்க? பொன்னன் மேல பாசமா?

– பாசந்தானுங்க. மூட்டை யாருதுன்னு கேட்டதுக்கு என்ற பேரைச் சொல்லிப்போட்டான்.

– போலீசுகிட்டச் சொன்னது கோர்ட்டுல நிக்காதுங்க.

– நாளைக்கு அப்ரூவரா மாறுனா நிக்குமுல்ல? போன வருசம் காளிதாஸ்னு ஒரு டிரைவரு, தம்மம்பட்டியில ஒரு மூட்டையை இறக்கி வித்துப்போட்டான். லீவர் கம்பியில முட்டிக்கு ரெண்டு போட்டேன். இப்ப வாழப்பாடி சந்தையில உக்காந்தாப்புலயே தக்காளி விக்கறான். ஸ்டூலு நாந்தான் வாங்கிக் குடுத்தேன்.

– பொன்னனுக்கும் ஸ்டூலுதானுங்களா?

– ஸ்டூலு உக்கார்றவனுக்குங்க.

– அவர் சம்சாரம் பாவாயி கையில மாவுக்கட்டோட என்னைப் பாக்க வந்தாங்க.

– ஊட்டுக்குப் போன பசங்களுக்குக் கதவைத் திறக்கலீங்க. கடப்பாறையில நெம்புனாங்க. கதவுக்குப் பின்னால கையை வெச்சுட்டு நின்னா நான் என்ன பண்றது?

– சேலம் ஜெயிலுக்குள்ளயும் ஆள் உட்டீங்களாமே.

– உட்டுப் பாத்தேன். தகரத்தைத் தீட்டி வயித்துல ஒரு இழுப்பு. தோலோட போயிருச்சு. அதுக்கப்புறம் அவனைத் தனி அறையில வெச்சுப் பூட்டிப்போட்டாங்க. நமக்கு எட்டலீங்க. அதான் வெளிய வரட்டும்ங்கறேன். ஜெயில் கேட்டுலயே வண்டி நிக்கும், மேட்டூர்ல தண்ணி நெறையக் கெடக்குது. சரி, எழுபதே வெச்சுக்கங்க. மனு என்னைக்குப் போடறீங்க?

– போடலீங்க.

– என்ன கண்ணு, காசு குடுக்கறது நானு.

– காசு உங்களுது, கட்சிக்காரர் பொன்னன். சாக்கைக் கழிச்சா வெளிய வந்தரலாம்னு நேத்தே ஜெயிலுக்குப் போய் அவருகிட்டச் சொன்னேன். சித்த நேரம் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பாத்தாரு. ‘வெளிய வந்தா ஒரு நாளு. உள்ள இருந்தா இருபது வருசம். சாக்கு இருக்கட்டும் தாயீ, எனக்கு இருபதுதான் லாபம்’னுட்டாருங்க.