கால் நோவுக்குத் தலையில் கதிர்

பார்க் மெட்ரோ நிலையத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஏறியபோது இருக்கை ஒன்றும் காலியாக இல்லை. நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர். இடது காலைச் சரியாக ஊன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் முறையிட்டார்.

"நோகிறது கால். ஆஸ்பத்திரியில கதிர் அடிக்கப்போறது தலைக்கு. என்னப்பா இது?"

"நோகுதெண்டு சொல்லுறது மூளைதானே. அதுக்குள்ள ஒரு சின்ன இடத்துக்குக் குறிவைச்சு அடிக்கிறதாம். வெட்டுக்கொத்து இல்லை. சிலருக்கு நல்லாக் குறையுதாம்."

"சிலருக்குத்தானே."

"ஒரு மருந்துக்கும் கேக்காத நோவுக்குத்தான் அதைச் செய்யினமாம். போனமுறை டொக்டர் பிரெஞ்சில 'சா வா?' எண்டு சுகம் விசாரிக்க, நீங்கள் சிரிச்சுக்கொண்டு 'சா வா பியன்' எண்டனீங்கள். நல்ல சுகமா இருக்கிற மனுசனுக்கு ஆர் கதிர் அடிப்பினம்?"

"சுகம் கேட்டா வேற என்ன சொல்லுறது? ஒரு மரியாதை இருக்குத்தானே."

"இரவிரவா என்ரை காதுக்குள்ள முனகேக்க அந்த மரியாதை எங்க போறது?"

அவர் சிரித்தார். ரயில் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பு பாதியில் நின்று முகம் கோணியது. அதைக் கண்ட ஒரு மாணவி எழுந்து, தன் இருக்கையைக் காட்டி, "சா வா, மெசியூ?" என்றாள்.

"சா வா பியன், மெர்சி," என்றார் அவர், பல்லைக் கடித்தபடி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இண்டைக்கு டொக்டரோட நான் கதைக்கிறன். நீங்கள் வாயே திறக்கவேண்டாம். முகத்தை மட்டும் இப்பிடியே வைச்சிருங்கோ."