பத்தொன்பது கிலோமீட்டருக்கு முன்னால் பேருந்தை நிறுத்தியது குறித்து

என் பெயரும் விலாசமும் உரிம எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. நான் சரிபார்த்துவிட்டேன். வயது நாற்பத்தாறு. ரக்பி அணி ஒன்றின் பேருந்து ஓட்டுநராகப் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். கனரக உரிமம் வாங்கிய நாள் முதல் இன்றுவரை என்மேல் ஒரு வழக்கும் கிடையாது, பக்கத்து வண்டியின் கண்ணாடியை உரசினேன் என்ற புகார்கூடக் கிடையாது. சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் வேண்டுமென்றே பேருந்தை வழியில் நிறுத்தி, என் தம்பி ஆடாமல் இருப்பதற்காக மொத்த ஆட்டத்தையும் கெடுத்தேன் என்று அணி மேலாளர் புகார் கொடுத்திருப்பதாகக் காவல் ஆய்வாளர் படித்துக் காட்டினார். அதில் நிறுத்தினேன் என்ற சொல் மட்டும் உண்மை. மற்றதை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அந்த அணியில் ஆடும் என் தம்பிக்கு வயது இருபத்தொன்பது. எல்லோரும் அவனை ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். ரக்பியில் பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து, முட்டித் தள்ளுவார்கள். அதில் முன்வரிசையில் நிற்பவன் அவன். பின்னால் தள்ளுகிறவர்களும் எதிரே தள்ளுகிறவர்களும் சேர்ந்து அவன் கழுத்தில்தான் இறங்குவார்கள். ஒரு வீரர் ஒரு பருவத்தில் முப்பது ஆட்டத்துக்கு மேல் ஆடக் கூடாது என்று லீக்கில் விதி உண்டு. உடம்பு ஓய்ந்தவனுக்குக் கால் தப்பும், கால் தப்பினால் தலையில் அடிபடும் என்பதற்காக வைத்த விதி. ஆனால் எங்கள் மேலாளர் பாதியில் வெளியே வந்த ஆட்டத்தை ஆட்டமாகவே எண்ண மாட்டார். லீக் புள்ளிக்காக அல்லாமல் ஆடும் காட்சி ஆட்டத்தையும் எண்ண மாட்டார். அவருடைய பட்டியலில் என் தம்பி ஆடியது இருபத்தேழு.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலை என் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, குழாயைத் திறந்து விட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு. கேட்டா, எந்தக் குழாய்ங்கறாரு" என்றாள். நான் உடனே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடம் வரை தண்ணீர் வந்திருந்தது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "சாப்டியாக்கா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். நான் தரையைத் துடைத்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டான். மூன்று தடவையும், முதல் தடவை கேட்பது போலத்தான் கேட்டான். வலது தோளைத் தூக்க முடியாததால் அவனுக்கு இரண்டு வாரமாக மனைவிதான் தலை வாரி விடுகிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆடாதே என்றேன். நின்றால் தன் இடம் போய்விடும் என்றான். அதன் பிறகு அணி மருத்துவரிடம் போய்க் கேட்டேன். மூன்று வாரம் ஓய்வு என்று அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், கடைசி ஆட்டம் முடியட்டும் என்று மேலாளர் அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மேலாளர் என்னைப் போனில் எழுப்பி, அணியின் விருந்தாளிகளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வேறு சிலரை ஏற்றி வரச் சொன்னார். அன்றே அணியை வெளியூர் ஆட்டத்துக்கு நான்தான் கொண்டுபோக வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினேன். பேருந்து ஓட்டுநர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி நிறுத்த வேண்டும் என்பது சட்டம். வண்டியில் ஒரு நேரப்பதிவுக் கருவி இருக்கிறது. நாங்கள் அதைப் பெட்டி என்போம். என் அட்டையைச் செருகினால்தான் ஓட்டலாம். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சக்கரம் உருண்டால் அது எழுதும். இதையெல்லாம் மேலாளரிடம் சொன்னேன். "அது சும்மா ஒரு நடைம்மா, அதெல்லாம் கணக்குல வராது" என்றார். என் தம்பியின் பாதி ஆட்டங்களுக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார் என்பதால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆறு மணிக்கு எடுத்த வண்டி பத்து மணிக்குத் திரும்பியது. நான்கு மணி நேரம் அங்கேயே போயிற்று. அதன் பிறகு பயணத் தாளில், மிச்சம் ஐந்து மணி நேரம், பயணம் நாலே முக்கால், கால் மணி தாமதமானால் வண்டி நிற்கும், மாற்று ஓட்டுநர் தேவை என்று எழுதி மேலாளரிடம் நீட்டினேன். வாயாலும் சொன்னேன். அவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். வண்டி நின்றுபோகும் என்பது உனக்கு அப்போதே தெரியுமா என்று ஆய்வாளர் கேட்கிறார். நிற்கலாம் என்று தெரியும். நிற்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசையும் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆசைப்பட்டேனே தவிர, வண்டியை மெதுவாக ஓட்டவில்லை. வேகமும் பெட்டியில் பதிவாகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

பத்தரைக்கு இருபத்துமூன்று வீரர்கள், மருத்துவர், மேலாளர் ஆகியோருடன் கிளம்பினோம். இரண்டரைக்கு அரை மணி நிறுத்தி, மூன்று மணிக்கு மறுபடி எடுத்தேன். வழியில் ஒரு பாலத்தருகே சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் சுற்றிப் போக நேர்ந்தது. சாலையை நான் தோண்டவில்லை. சரியாக நான்கு மணிக்குப் பெட்டி ஒன்பது மணி நேரம் முடிந்ததாகக் காட்டியது. அப்போது ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அதன் பக்கத்துக் காலி இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்தேன். மைதானத்துக்கு இன்னும் பத்தொன்பது கிலோமீட்டர். ஆட்டம் ஐந்து மணிக்கு.

மேலாளர் எழுந்து முன்னால் வந்து, இன்னும் இருபது நிமிடம்தானே, எடு என்றார். முடியாது என்றேன். அதன் பிறகு அவர், "அட்டையை உருவிட்டு ஓட்டு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அதை அவர் உரக்கச் சொன்னார். பின் இருக்கை வரை கேட்டது. "பெட்டிக்குத் தெரியும் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சிவந்து, வேறு வண்டி பிடிக்கிறேன் என்று இறங்கிப் போனார்.

அதன் பிறகு அணித் தலைவர் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு நிமிடம் கூடுதலாக ஓட்டினாலும் பெட்டி எழுதுமா என்று கேட்டார். எழுதும் என்றேன். கணக்கில் வராது என்று மேலாளர் சொன்னாலுமா என்றார். யார் என்ன சொன்னாலும் எழுதும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உள்ளங்கை அளவுதான் அது. பிறகு சொன்னார்: "ஒரு வண்டிய ஓட்டறவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கு. எங்க கழுத்துக்கு ஒண்ணும் இல்லியேக்கா."

பருவம் முழுவதும் பெட்டி அச்சிட்ட நாள்சீட்டுகளைச் சோதனைக்காக வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான் அவற்றை ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். அதை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். உள்ளூர் ஆட்டத்துக்கும் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்பதால் ஒரு நாளும் விடுபடவில்லை. அவர் ஒவ்வொரு சீட்டாகத் தேதியையும் ஊரையும் படித்தார். அந்தந்தத் தேதியில் ஒரு நிமிடமாவது களத்தில் இறங்கியவர்கள் கை தூக்க வேண்டும், மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் சிரிப்பும் கிண்டலுமாகத்தான் இருந்தது. பத்துச் சீட்டுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

என் தம்பி இடது கையைத்தான் தூக்கினான். சில தேதிகளுக்கு விழித்துக்கொண்டு சும்மா இருந்தான். அப்போது அவன் பக்கத்தில் தோள் கோத்து ஆடுகிறவர் அவன் கையைப் பிடித்து உயர்த்தினார். அப்படி ஆறு தடவை உயர்த்தினார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவை உயர்த்தப் போனபோது தம்பி அவரிடம், "இன்னிக்கு எந்த ஊருக்குப் போறோம்?" என்று கேட்டான். தலைவர் அந்தச் சீட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

எண்ணி முடித்தபோது என் தம்பி முப்பத்தாறு. தலைவர் முப்பத்துமூன்று. முப்பதைத் தாண்டியவர்கள் மொத்தம் ஏழு பேர்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புகாரில் இது விடப்பட்டிருக்கிறது. நான்கு இருபத்தைந்துக்கு மேலாளர் இரண்டு வேன்களுடன் திரும்பி வந்தார். ஏறியிருந்தால் ஐந்து மணிக்கு முன்பே மைதானம் சேர்ந்திருக்கலாம். வேன் ஓட்டுநர்கள் இருவரின் எண்களும் என்னிடம் இருக்கின்றன, விசாரித்துக்கொள்ளலாம். ஆகவே ஆட்டம் நின்றது என் வண்டி நின்றதால் அல்ல. மேலாளர் கதவைத் தட்டி இறங்குங்கள் என்றபோது, தலைவர் படிக்கட்டில் நின்று, "முப்பது தாண்டின நாங்க ஏழு பேரும் இறங்கல. மத்தவங்க உங்க இஷ்டம்" என்றார். மற்ற பதினாறு பேரில் ஒருவர்கூட இருக்கையை விட்டு அசையவில்லை. அந்த மருத்துவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஆணியின் ஓய்வுத் தாளின் நகல் தன் பையில் இருப்பதாகவும், லீக்குக்கு இப்போதே அனுப்பிவிட்டதாகவும் மேலாளரிடம் சொன்னார்.

அதன் பிறகு தலைவர் எதிரணித் தலைவரைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "எங்க ஆளுங்களையும் எண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அந்தக் கால் மணி நேரம் வண்டியில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐந்தாக ஏழு நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. "எங்ககிட்ட ஒன்பது பேர். நாங்களும் ஆடல. மைக்ல காரணத்தையும் சொல்லிட்டோம். சனங்க எழுந்து நின்னு கை தட்டறாங்க, கேளுங்க" என்றார். போன் வழியாக மழை கொட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. எங்கள் ஆட்கள் இருபத்துமூன்று பேரும் களத்தில் இறங்கத் தயாராக மாட்டியிருந்த ஷூவோடு தரையை உதைத்தார்கள். என் வண்டியின் தரை நசுங்கியிருக்கிறது. அதற்கு நான் யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. நானும் ஹாரனை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். பெட்ரோல் பங்கில் இருந்தவர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

ஆறு மணிவாக்கில் எதிரணியின் பேருந்தே எங்களைத் தேடி வந்தது. அவர்களிடம் ஓட்டுநர் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சாவியைக் கேட்டு, "நான் இன்னிக்கு அரை மணி நேரம்கூட ஓட்டலக்கா. நீங்க போய் உக்காருங்க" என்றார். பதினோரு ஆண்டுகளில் முதல் தடவையாக அந்த வண்டியில் நான் பயணியாக உட்கார்ந்து வந்தேன். தம்பி என் தோளில் சாய்ந்து ஊர் வரும்வரை தூங்கினான். நல்ல கனம். நான் அசையவில்லை.

அதன் பிறகு மூன்று வாரத்தில் லீக் விதியைத் திருத்தியது. பாதி ஆட்டமும் காட்சி ஆட்டமும் இனி ஆட்டம்தான். ஒவ்வொரு வீரரும் களத்தில் நின்ற நிமிடங்களை அணிக்கு வெளியே உள்ளவர் பதிவு செய்வார். முப்பது ஆனதும் பெயர் தானாகப் பட்டியலை விட்டு விழும். வீரர்கள் அந்தப் பதிவேட்டுக்குப் பெட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லீக் அமைப்பு எங்கள் மேலாளரை வேலையிலிருந்து விலக்கி வைத்தது. அதற்கு மறுநாள்தான் அவர் இந்தப் புகாரைக் கொடுத்திருக்கிறார். தேதியைப் பார்த்தால் தெரியும்.

அந்தப் பத்தொன்பது கிலோமீட்டரை உன்னால் ஓட்டியிருக்க முடியாதா என்று ஆய்வாளர் கேட்டார். முடியும். கண்ணை மூடிக்கொண்டுகூட ஓட்டியிருப்பேன். முடியும் என்பதற்காக ஓட்டிக்கொண்டே போகக் கூடாது என்றுதான் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

என் தம்பியின் நிலை என்ன என்றும் கேட்டார். ஐந்து வாரமாக ஓய்வில் இருக்கிறான். நேற்று அவனே தலை வாரிக்கொண்டதாக அவன் மனைவி சொன்னாள். இன்று காலை நான் இந்த நிலையத்துக்குக் கிளம்பும்போது போன் செய்து, "சாப்டியாக்கா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். அதன் பிறகு கால் மணி நேரம் பேசினோம். மறுபடி கேட்கவில்லை.

மேலே எழுதியதை ஆய்வாளர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் பதினெட்டு கிலோமீட்டர் என்று இருந்ததைப் பத்தொன்பது என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. இதில் உள்ளது அத்தனையும் நான் கண்டது, நான் செய்தது, உண்மையானது என்று கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பேருந்து ஓட்டுநர்