ஹூட்டுக்குள்ள கேக்குதா?

காத்துக்காரர்: கையை எடுங்க! ஹூட்லேருந்து கையை எடுங்க... முதல்ல பெயின்ட் அடிக்கிற ரூம் கதவைத் தாண்டி முழுசா வெளிய வாங்க.

பெயின்டர்: வந்துட்டேன், வந்துட்டேன்.

காத்துக்காரர்: ஒரு கால் இன்னும் உள்ள இருக்கு.

பெயின்டர்: காலால யாரு மூச்சு விடுவா?

காத்துக்காரர்: பெயின்ட்டு இன்னும் உள்ள பனி மாதிரி மிதக்குது. நெஞ்சுல ஏறிச்சுன்னா ஆயுசுக்கும் இளைப்புதான். அதுக்குத்தானே தலையோட மூடி, குழாய் போட்டு, தனியா காத்து அனுப்பறேன்... ம், இப்பக் கழட்டுங்க. இருங்க இருங்க! முதல்ல ஹூட். அப்புறந்தான் காத்தை மூடணும்.

பெயின்டர்: அப்பாடா... பஸ்ஸோட இந்தப் பக்கம் முடிஞ்சுது. எப்படி இருக்கு, பளபளன்னு?

காத்துக்காரர்: பஸ்ஸை மேஸ்திரி பாத்துக்குவாரு. எனக்குக் காத்தைச் சொல்லுங்க. குறையாம வந்துச்சா?

பெயின்டர்: வந்துச்சு.

காத்துக்காரர்: எண்ணெய் வாடை, வண்டிப் புகை?

பெயின்டர்: எங்கேருந்து வரும்? நீங்கதான் கம்ப்ரசர் பக்கம் ஒரு லாரியை நிக்க விடறதில்லையே. நேத்து அந்த டிரைவரை ஓட ஓட விரட்டினீங்க, பாவம்.

காத்துக்காரர்: என்ன பாவம்? இஞ்சினை ஓட விட்டுட்டு அவரு பாட்டுக்கு டீ குடிக்கப் போறாரு. அந்தப் புகையை கம்ப்ரசர் இழுத்து நேரா உங்க மூக்குக்குத்தான் அனுப்பும்... சரி, சத்தம்? வெளிய பேசறது உள்ள கேக்குதா?

பெயின்டர்: ம்ம்... இல்ல. ஒண்ணும் கேக்கல. புயலடிக்கிற மாதிரி இரையுது.

காத்துக்காரர்: இன்னுமா? நீங்க சத்தம்னு சொன்னீங்கன்னுதானே இந்த ஹூட்டோட காத்துக் குழாய்ல புது சைலன்சர் போட்டேன்? அன்னிலேருந்து தினமும் இதே பதில்தான். சரி, இந்த ஹூட்டை ஓரங்கட்டிடறேன். நாளைக்கு அலமாரியில இருக்கற பழசையே மாட்டிக்குங்க.

பெயின்டர்: பழசா? ஐயோ, வேண்டாம்!

காத்துக்காரர்: ஏன்? ரெண்டுலயும் ஒரே சத்தம்தானே?

பெயின்டர்: அது... கழுத்துத் துணி கிழிஞ்சிருக்கு.

காத்துக்காரர்: புதுசு வாங்கி மாட்டியாச்சு.

பெயின்டர்: கண்ணாடி மங்கல்.

காத்துக்காரர்: அதையும் மாத்தியாச்சு. சோப்புத் தண்ணி மட்டும் போதும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். யாரோ பெயின்ட் தின்னர் ஊத்தித் துடைச்சிருக்காங்க.

பெயின்டர்: யாரோதான்... நாத்தம் அடிக்கும்.

காத்துக்காரர்: அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியும். நாத்தமெல்லாம் இல்ல. கழுவி, நிழல்ல காயப்போட்டு, காலையில நானே மாட்டிப் பாத்தேன்.

பெயின்டர்: ஐயே! நீங்க மாட்டினதையா நான் மாட்டிக்கிறேன்?

காத்துக்காரர்: துடைச்சிட்டுத்தான் தர்றேன். நான் மாட்டிப் பாக்காத ஹூட் எதுவும் இந்தக் கதவைத் தாண்டாது.

மேஸ்திரி: ஏம்மா, இங்கதான் நிக்கிறியா? அந்தப் பெரிய ஷெட்டுலேருந்து மறுபடி போன். ஹெட் பெயின்டரா வர்றியா, இல்லையான்னு இன்னிக்கே சொல்லணுமாம். நீ இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க.

பெயின்டர்: ஒரு நிமிஷம் மேஸ்திரி... காத்துக்காரரே, என்ன சொல்லட்டும்?

காத்துக்காரர்: என்னைக் கேட்டா? போங்க. நல்ல வேலை. உங்க கைக்கு எப்பவோ வந்திருக்கணும்.

பெயின்டர்: அவ்வளவுதானா?

காத்துக்காரர்: வேறென்ன...

பெயின்டர்: ஒண்ணுமில்ல. அங்க காத்துக்குன்னு ஆளே கிடையாதாம். ஹூட்டு பாட்டுக்கு ஆணியில தூசி படிஞ்சு தொங்குமாம். காத்து வர்ற ஹோஸ் மேல வண்டியெல்லாம் ஏறுமாம்.

காத்துக்காரர்: என்னது! வண்டி ஏறுமா? அப்படின்னா போகாதீங்க!

பெயின்டர்: போகாதீங்கன்னு சொல்றீங்களா?

காத்துக்காரர்: இல்ல... ஹோஸுக்காகச் சொன்னேன்.

பெயின்டர்: ஹோஸுக்காக! நல்லா இருக்கு. ஹூட் கழுவறப்ப அந்தக் கண்ணாடியைப் பாத்து மணிக்கணக்கா பேசிப் பழகற ஆளுக்கு, மனுஷ மூஞ்சியைப் பாத்தா மட்டும் வாய் ஒட்டிக்குமா?

காத்துக்காரர்: கண்ணாடியைப் பாத்துப் பேசிப் பழகறேன்னு... உங்ககிட்ட யாரு சொன்னா?

பெயின்டர்: யாரோ... மேஸ்திரிதான்.

மேஸ்திரி: என்னை ஏம்மா இழுக்கறே? நான் இங்கதானே நிக்கிறேன்!

காத்துக்காரர்: அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நேத்து உங்களுக்கு ஹூட்டை மாட்டி, காத்தைத் திறந்துவிட்டு, பெல்ட்டை இழுத்துப் பாத்தேனே... அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டது.

பெயின்டர்: சரி, கேட்டுச்சு! போதுமா? எல்லாம் கேட்டுச்சு. அந்த சைலன்சர் போட்ட நாள்லேருந்து கொசு பறந்தாக்கூட உள்ள கேக்குது.

காத்துக்காரர்: முதல் நாள்லேருந்தா?

பெயின்டர்: முதல் நாள்லேருந்துதான். நான் சிரிச்சா கண்ணாடி அழகா இருக்குன்னு சொன்னீங்க. சிரிப்பைச் சொல்லாம கண்ணாடியைச் சொல்ற ஆளை அன்னிக்குத்தான் பாத்தேன். மறுநாள், உங்க அக்கா உங்களைப் பொண்ணு பாக்கக் கூப்பிட்டதும் வயித்து வலின்னு படுத்துக்கிட்ட கதை. உள்ள சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அப்புறம்... இந்தப் பெரிய ஷெட்டுப் பேச்சு வந்த அன்னிக்கு...

காத்துக்காரர்: அதை விடுங்க.

பெயின்டர்: ‘இவங்க போயிட்டா காலையில எதுக்கு எந்திரிக்கிறது’ன்னீங்க. எனக்குக் கண்ணே தெரியல. ஹூட் போட்டுக்கிட்டுக் கண்ணைத் துடைக்கவும் முடியாது. அன்னிக்கு பஸ் கதவுல பெயின்ட் வழிஞ்சுதே, ஏன்னு நினைச்சீங்க?

மேஸ்திரி: ஓஹோ! அதுக்குத்தானா? அந்தக் கதவை மறுபடி தேய்ச்சு என் தோள்பட்டையே இறங்கிப் போச்சு!

பெயின்டர்: மேஸ்திரி, நீங்க இன்னும் போகலியா?

மேஸ்திரி: பதில் வாங்காம எப்படிம்மா போறது? இப்படி ஒரு பேச்சு நடக்கறப்ப எவன் போவான்?

பெயின்டர்: பதில்தானே? போறேன்னு சொல்லுங்க. ஆனா, காத்துக்கு ஆள் இல்லாத இடத்துல நான் ஸ்ப்ரே கன்னைக் கையில எடுக்க மாட்டேன். ஆளையும் சேத்து அனுப்பணும்.

மேஸ்திரி: எந்த ஆளை?

பெயின்டர்: அவரே வாயால சொல்லட்டும். இப்ப நடுவுல கண்ணாடி கிடையாது. என் மூஞ்சிதான்.

காத்துக்காரர்: ...வர்றேன்.

பெயின்டர்: என்ன? கேக்கல.

காத்துக்காரர்: வர்றேன்! நீங்க எங்க வேலை செஞ்சாலும் உங்க காத்தை நான்தான் பாத்துக்குவேன். வேற ஒருத்தர் கையில விடமாட்டேன்.

மேஸ்திரி: அடேங்கப்பா, ஊருக்கே கேட்டிருக்கும். ரெண்டு பேருன்னு சொல்லிடறேன். போறதுக்கு முன்னாடி அந்த பஸ்ஸோட மறுபக்கத்தை முடிச்சிடுங்க, புண்ணியமாப் போகும்.

பெயின்டர்: போயிட்டாரு... கோபமா?

காத்துக்காரர்: எதுக்கு?

பெயின்டர்: ஹூட் விஷயத்துல மட்டும் பொய்யே சொல்லக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. காத்தைப் பத்தி, வாடையைப் பத்தி ஒரு பொய் சொன்னதில்ல, சத்தியமா. இது ஒண்ணுதான். கேக்குதுன்னு சொன்னா பேச்சை நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. பாவம், ஒண்ணும் தெரியாம மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிட்டீங்க...

காத்துக்காரர்: தெரியாமலா? நான் மாட்டிப் பாக்காத ஹூட் இந்தக் கதவைத் தாண்டாதுன்னு சொன்னேனா இல்லையா? இந்த சைலன்சர் ஹூட்டை மாட்டிக்கிட்டு நின்னா, அந்த மூலையில மேஸ்திரி இருமறதுகூட எனக்குக் கேக்குது. நேருக்கு நேர் சொல்லத் தைரியம் இல்ல, அதான் அப்படிச் சொன்னேன். பிடிக்கலேன்னா ‘கேக்குது, நிறுத்துங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவீங்கன்னுதான், கேக்குதா கேக்குதான்னு தினமும் கேட்டேன். நீங்க தினமும் கேக்கலன்னீங்க... அதான் பேசிக்கிட்டே இருந்தேன்.