ஐஸ் பெட்டியில் வைத்த மோர்

என் பெயர் செல்லியம்மாள், வயது 51, கணவர் பெயர் கந்தன், காஞ்சிபுரம் காலனி மேட்டுத் தெருவில் சொந்த வீட்டில் வசித்து வருகிறேன். விசேஷ வீடுகளுக்குச் சமைப்பது என் தொழில். பள்ளிக்கூடம் சென்றதில்லை, பொட்டலம் கட்டிவந்த நாளிதழ்களைக் கொண்டு நானே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆகவே நான் சொல்லாத சொல் எதுவும் இதில் சேர வேண்டாம் என்று இதை எழுதும் காவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில் எங்கள் தெரு பூவராகவன் இறந்துபோனார். உடலைக் கிடத்த ஐஸ் பெட்டி கேட்டு, அவற்றை வாடகைக்கு விடும் ராமராஜனுக்குப் போன் செய்தேன். தெருவின் பெயரைச் சொல்லும்வரை பெட்டி இருந்தது. சொன்ன பிறகு இல்லை. பூவராகவனின் மகள் அபி பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் உடலை எடுக்க வேண்டியதாயிற்று. அவள் வாங்கிவந்த மாலை என் வீட்டு ஆணியில்தான் வாடியது.

அதன் பின்னர், எந்தத் தெருவில் யார் இறந்தாலும் வாடகையின்றிக் கொடுக்க ஒரு பெட்டி வாங்குவதென்று நானும் தெருப் பெண்களும் முடிவு செய்து, ஞாயிறுதோறும் என் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு, "இன்று மட்டும் ஓட்டல், வரும் பணம் ஐஸ் பெட்டிக்கு" என்று வாசலில் பலகை வைத்துச் சாப்பாடு போட்டோம். பலகையை எழுதியது நான். அவ்வாறு புதிய பெட்டி வாங்கிய பின்னர், அதை ஏற்றிச் செல்லும் வண்டிக்காகச் சென்ற ஞாயிறன்றும் சமைத்தோம். அன்று அமாவாசை, தறிக்கு விடுமுறை. நெசவுத் தெருக்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் போதாமல், மோர்ப் பாத்திரங்களைக் கூடத்து மூலையில் இருந்த புதிய ஐஸ் பெட்டியில் வைக்கும்படி, பரிமாறிய சங்கரியிடம் சொன்னேன். சொன்னவள் நான். மறுக்கவில்லை.

புகார்தாரர் ராமராஜனும் அன்று வந்து சாப்பிட்டார். "யக்கா, மோரு சும்மா ஜில்லுனு இருக்குது, இன்னொரு டம்ளர் ஊத்துக்கா" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அதன் பின்னர் சங்கரி பெட்டியைத் திறந்து மோர் எடுத்ததைப் பார்த்ததும் எழுந்து நின்று, "பொணப் பெட்டியில வச்ச மோரையா எல்லாருக்கும் ஊத்திக்கினு இருக்கீங்க?" என்று கூச்சலிட்டார். நான், "இதுல இன்னும் யாரும் படுக்கலப்பா. நீ வாடகைக்கு வுடுற பெட்டின்னா நானே குடிச்சிருக்க மாட்டேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் இலையை மூடிவிட்டுப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பின்னர் நெசவாளர் முத்துக்குமார் தம் டம்ளரை நீட்டி, "எனக்கு ஊத்தும்மா. நாளைக்கு அதுல படுக்கப் போறவன்தானே, இன்னைக்குக் குடிச்சா என்னா?" என்றார். அவர் மனைவி காயத்ரி, "வாயக் கழுவுய்யா" என்று திட்டிவிட்டுத் தாமும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காவலர்கள் வந்து பெட்டியை எடுத்துச் சென்றார்கள். பொதுமக்களை ஏமாற்றியதாக மன்னிப்புக் கடிதமும், இனி வீட்டில் சாப்பாடு போடுவதில்லை என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெட்டி கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. இரண்டையும் எழுத மறுக்கிறேன். எழுதத் தெரியாமல் அல்ல. பெட்டி என் சொத்தும் அல்ல. எங்கள் தெரு காவேரியின் கணவர் இரண்டு நாளாக நினைவின்றிக் கிடக்கிறார். மகன் துபாயில் இருக்கிறார். பெட்டி இன்றே வேண்டும்.

இன்று காலை நான் வந்தபோது இந்தக் காவல் நிலையத்தின் பின்கட்டில் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்கள் குளிர்ந்துகொண்டிருந்தன. இந்த வெயிலில் வேறென்ன செய்வார்கள். அதை நான் குற்றமாகக் கருதவில்லை. எழுதிக்கொண்டிருந்த காவலர் தினேஷ் இவ்விடத்தில் பேனாவை நிறுத்தி, "இது வேணாம்மா" என்றார். வேண்டும் என்றேன். எழுதினார்.

இதை எனக்கு யாரும் படித்துக்காட்டவில்லை, நானே படித்தேன். நான் கண்டதும் செய்ததும் இதில் உள்ளபடியே உண்மை. பாட்டில்களை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தரவும்.

(ஒப்பம்) க. செல்லியம்மாள்